பயிற்சிப் பார்வையாளர்

விமான அருங்காட்சியகத்தில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எழுபதைத் தாண்டியவர்களுக்கும் அவள் அக்காதான். விமானப் பணிப்பெண்ணாக இருந்து ஓய்வு பெற்றவள். சம்பளம் வாங்காமல் விமானங்களைச் சுற்றிக்காட்டும் தன்னார்வ வழிகாட்டிகளுக்கு இப்போது அவள்தான் தலைவி. யார் எந்த நாள் வருவது, யார் எந்த விமானத்தருகே நிற்பது, போர் விமானம் எனக்குத்தான் என்று அடித்துக்கொள்ளும் இரண்டு பெரியவர்களை எப்படிப் பிரித்து வைப்பது, எல்லாம் அவள் தலையில்தான். இறக்கையின் கூர்முனையில் யாரும் நெற்றியை இடித்துக்கொள்ளக் கூடாதென்று பழைய டென்னிஸ் பந்தைக் கீறிச் செருகி வைத்ததும் அவள்தான்.

கணவர் இறந்து, வந்த சொந்தக்காரர்கள் கிளம்பிய மறுவாரமே அவள் திரும்பி வந்துவிட்டாள். துக்கம் விசாரித்தவர்களிடம், "ஆமாங்க, திடீர்னுதான்," என்று சொல்லிவிட்டு, விமானங்களுக்கு அடியில் சொட்டும் எண்ணெய்க்கு வைத்த தட்டுகளைக் குனிந்து பார்த்துக்கொண்டு போனாள். அவள் அழவில்லை. அழுகையை அடக்கவும் இல்லை; அடக்குவதற்கு உள்ளே ஒன்றும் இருக்கவில்லை. பல் பிடுங்கிய பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல இருக்குமே, முழு உடம்பும் அப்படித்தான் இருந்தது.

"ஒரு தடவையாவது அழும்மா. எனக்குப் பயமா இருக்கு," என்று மகள் போனில் கெஞ்சினாள்.

"வர்றப்ப வரட்டும்டி. நீ சாப்பிட்டியா?"

வழிகாட்டிகளில் ஒருவரைக் கேப்டன் என்பார்கள். பட்டப்பெயர் இல்லை, சரக்கு விமானம் ஓட்டியவர், நிஜக் கேப்டன். உயிரோடு இருந்தவரை, சாயங்காலம் அவளை அழைத்துப்போக வரும் கணவர், சரக்கு விமானத்தின் இறக்கைக்குக் கீழே நாற்காலி போட்டு அவரோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார். அந்தக் கேப்டனுக்கு இப்போது ஞாபகம் நழுவத் தொடங்கியிருந்தது.

"எங்கம்மா உன் வீட்டுக்காரர்? ஆளையே காணோம்?"

"அவர் தவறிட்டார், கேப்டன்."

அவர் முகம் அப்படியே சரிந்தது. விமானச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அடுத்த முறை வந்தபோது அதே கேள்வி. அதே பதில். மறுபடியும், இப்போதுதான் கேள்விப்பட்டவர்போல அதே அழுகை. தான் அழ வேண்டியதையெல்லாம் அவர் அழுதுகொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதே தவிர, அதற்கும் மனம் அசையவில்லை.

அப்புறம் ஒரு நாள் அந்தக் கூத்து நடந்தது. ஒரு கூட்டத்துக்குச் சரக்கு விமானத்தைக் காட்டிக்கொண்டிருந்த கேப்டன் பாதிப் பேச்சில் நின்றார். "வாங்க, வண்டி ரெடியா நிக்குது," என்று பக்கவாட்டுக் கதவைத் திறந்து, அத்தனை பேரையும் வெயிலில் நடத்திக்கொண்டு போனார். அவர்களும் மரியாதைக்காரர்கள், குழந்தை குட்டிகளோடு கம்பிவேலி வரைக்கும் பின்னாலேயே போனார்கள். வேலிக்கு அப்பால் புல் முளைத்த பழைய ஓடுபாதை. விமானம் எதுவும் இல்லை. கேப்டன் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்.

அக்கா ஓடிவந்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு, விமானத்தில் பேசிய அந்தப் பழைய குரலை எடுத்தாள். "பயணிகள் கவனத்துக்கு. புறப்பாடு சற்றுத் தாமதமாகிறது. தயவுசெய்து உள்ளே வந்து அமரவும்." இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கூட்டம் கைதட்டிக்கொண்டே திரும்பியது.

கேப்டன் மட்டும் நகரவில்லை. "தாமதம்னா காரணம் சொல்லணும்ல?"

"வானிலை சரியில்ல, கேப்டன்."

மேகம் ஒன்றுகூட இல்லாத வானத்தை அவர் நிமிர்ந்து வெகுநேரம் பார்த்தார். "சரி, அப்போ காத்திருப்போம்," என்றார்.

விஷயம் அருங்காட்சியகக் காப்பாளர் காதுக்குப் போயிற்று. "இனிமே அவர் கையில கூட்டத்தைக் கொடுக்காதீங்க," என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. அக்கா கேப்டனின் மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

அந்த அம்மாள் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "அவர் இங்க இருக்கிற நேரந்தாம்மா நான் கொஞ்சம் கண்ணை மூடறது. வீட்ல எந்த நேரம் கதவைத் திறந்துட்டுப் போவாரோன்னு தூக்கமே வர்றதில்ல," என்றாள்.

அக்கா அன்று முழுக்க யோசித்தாள். புதிய வழிகாட்டிகளுக்கு அவள் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த சமயம் அது. ஒருவரை ஒருவர் பார்வையாளராக வைத்துப் பேசிப் பழகுவார்கள். ஆனால் எல்லாருக்கும் பாடம் தெரியும் என்பதால், கேட்பவர் முகத்தில் ஆச்சரியமே இருக்காது. மறுநாள் காப்பாளரிடம் போய், "அவர் வழிகாட்ட வேண்டாம் சார். பயிற்சியில பார்வையாளரா உக்காரட்டும். பொறுப்பு என்னுது," என்றாள்.

அதைவிட நல்ல பார்வையாளர் கிடைத்திருக்க மாட்டார். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டார், புதிதாக வியந்தார். திடீரென்று, "இது இவ்ளோ கனமா இருக்கே, எப்படி எழும்புது?" என்பார். அவருக்குப் பதில் சொல்லிச் சொல்லியே பயிற்சிக்காரர்களுக்கு பேச்சு தேறியது. அவசரப்படாமல் இருக்கவும் கற்றுக்கொண்டார்கள்.

அவள் கணவரைப் பற்றிய வழக்கமான கேள்வியும் வரத்தான் செய்தது. ஒரு நாள் எல்லோர் முன்னாலும் கேட்டார். அவர் அழுது ஓய்வதைப் பார்க்க அவளுக்குச் சலித்துவிட்டது.

"வீட்லதான் இருக்கார், கேப்டன்."

"என்ன பண்றார்?"

"ரேடியோவைப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருக்கார்."

"மறுபடி மாட்டத் தெரியாதே அந்தாளுக்கு!" கேப்டன் விழுந்து விழுந்து சிரித்தார். பயிற்சிக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். அவளும் உதட்டை விரித்துச் சிரித்து வைத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பொய்யைத்தான் சொன்னாள். அவள் வாயில் கணவர் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டார், முடி வெட்டப் போனார், சளிபிடித்துப் படுத்திருந்தார்.

மழைக்காலம் முடிந்ததும் கேப்டனை அவருடைய மகன் வந்து தன் வீட்டோடு அழைத்துப் போய்விட்டான். கிளம்பும்போது கேப்டன் எல்லோருக்கும் வரிசையாகக் கைகொடுத்தார். அக்காவுக்கும் கொடுத்தார். யாரென்று தெரிந்து கொடுத்தாரா என்பதை அவளால் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அடுத்த வகுப்பில் நாற்காலி காலியாக இருந்தது. வேறு யாரும் இல்லாததால் அவளே போய் உட்கார்ந்தாள். எதிரே நின்றவள் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அன்றுதான் முதல்முறை பேசுகிறாள். பதற்றத்தில் கையைப் பிசைந்துகொண்டே, எந்தப் பார்வையாளரிடமும் முதலில் கேட்கச் சொல்லி அக்கா கற்றுக்கொடுத்ததைக் கேட்டாள்.

"வணக்கம்மா. யாரோட வந்திருக்கீங்க?"

"தனியாத்தான்," என்றாள் அக்கா.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் காதில் விழுந்தது. கன்னத்தைத் தொட்டாள்; இப்போது அது அவளுடைய கன்னமாகவே இருந்தது. எதிரே நின்றவள் பேச்சை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல," என்றாள் அக்கா. "நீங்க சொல்லுங்க. இது என்ன விமானம்?"