வலது கால் மூட்டை

என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், பத்துப் பதினைந்து வருடம் பந்தாடியே சோறு சாப்பிட்டவர். மாநில அணிக்கும் ஆடியிருக்கிறார். முழங்கால் போய் ஓய்வு பெற்ற பிறகு, நீலசந்திராவில் ஒற்றை அறை வீட்டில் இருந்துகொண்டு அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கால்பந்து சொல்லிக்கொடுத்தார். பெரிய பள்ளிக்கூடங்களின் படியேறி, அங்குள்ள பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன பூட்ஸ்களைக் கேட்டு வாங்கிவருவார். கழுவி, பாலிஷ் போட்டு, புது லேஸ் கோத்துத் தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்.

கொடுக்கிற விதத்தில்தான் வில்லங்கம். முதலில் இடது கால் பூட்ஸ் மட்டும் தருவார். மூன்று மாதம் கழித்துத்தான் வலது. ஒரு காலில் மட்டும் பூட்ஸ் இருந்தால் பிள்ளைகள் தானாக, பழக்கமில்லாத அந்தக் காலாலும் உதைத்துப் பழகும் என்பது அவர் எண்ணம். வெறும் வலது காலால் உதைத்து நகத்தைப் பெயர்த்துக்கொள்ள யாருக்கு ஆசை? ஆனால் பெற்றவர்களுக்கு இது பிடிபடவில்லை. மிச்சத்தை மாமா மார்க்கெட்டில் தள்ளிவிடுகிறார் என்று ஒரு பேச்சு கிளம்பி, அவர் காதுவரை வந்துவிட்டது.

வலது கால் பூட்ஸ் மூட்டை உண்மையில் பிரேசர் டவுனில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. மாமாவின் முறை எதுவும் எனக்குத் தெரியாது. கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தோம். பழைய பேப்பர் வாங்கும் பாய் வந்தால் பேப்பரைப் போட்டுவிடு என்று சொல்லிவிட்டு அம்மா சர்ச்சுக்குப் போனாள். நான் மூட்டையையும் அவிழ்த்துப் பார்த்தேன். நாற்பது பூட்ஸ், ஒன்றுக்குக்கூட ஜோடி இல்லை. இதைவிடக் குப்பை உலகத்தில் உண்டா? பேப்பரோடு சேர்த்துப் போட்டுவிட்டு, பதிலுக்கு ஒரு சிவப்பு வாளி வாங்கி வைத்தேன். கெட்டிக்காரி என்று அம்மா மெச்சினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மாமா வந்தார்.

"நாளைக்கு எல்லா அப்பா அம்மாவையும் வரச் சொல்லிருக்கேன். அவங்க கண்ணு முன்னாடியே குடுத்துடணும்" என்றார்.

மூட்டை இல்லை. வீட்டையே புரட்டிப்போட்ட அம்மா கடைசியில் அழுதுவிட்டாள். என்னைக் கேட்டபோது, "நான் பாக்கலியே" என்றேன். மாமா வாசலில் இருந்த புது வாளியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பாவைத் தனியே அழைத்து என்னவோ சொன்னார்.

மறுநாள் காலை என்னையும் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். பெற்றவர்கள் கூடி நின்றார்கள்.

"இன்னும் எத்தினி நாளு சார் ஒத்தக் கால்ல ஆடுறது? இன்னொண்ணு மார்க்கெட்டுக்குப் போயிடுச்சா?" என்று ஒருவர் கேட்க, நாலு பேர் சிரித்தார்கள். ஸ்டேடியமே எழுந்து நின்று கைதட்டிய மனிதர் அவர்கள்முன் கைகூப்பி நின்றார்.

"தப்பு என்னுதுதாம்ப்பா. மூட்டை கை மாறிப்போச்சு. கொஞ்சம் பொறுங்க."

எனக்கு அழுகை முட்டியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

அரை மணி கழித்து ஒரு ஆட்டோ வந்தது. அப்பா இறங்கினார், பின்னாலேயே பழைய பேப்பர் பாயும் மூட்டையோடு இறங்கினார். மூட்டையை மாமா காலடியில் தொப்பென்று போட்டார்.

"இன்னா சார் இது! நாலு நாளா மார்க்கெட் பூரா சுத்திட்டேன். எல்லாம் ஒரே காலு! ஒத்தக் காலு பூட்ஸை எவன் சார் வாங்குவான்?"

மார்க்கெட் என்று கேட்ட அதே மனிதர்தான் முதலில் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அதோடு அந்தப் பேச்சு ஒழிந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வந்த உயிர் முழுதாக நிற்பதற்குள் பாய் என்னைப் பார்த்துவிட்டார். "அட, இந்தப் பாப்பாதானே..." என்று விரலை நீட்டினார். மாமா சட்டென்று எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து, "பாய், இந்த மூட்டையக் கொஞ்சம் பிடிங்க, நம்பர் பாத்துப் பாத்து எடுத்துக் குடுங்க" என்றார். பாயும் அந்த வேலையில் மூழ்கிப்போனார். இரண்டு காலிலும் பூட்ஸ் மாட்டிய பிள்ளைகள் மைதானத்தைக் கிழித்துக்கொண்டு ஓடினார்கள்.

திரும்பும் வழியில் மாமா பேக்கரியில் நிறுத்தி எனக்கு மிளகாய் போட்ட ஒரு காரா பன் வாங்கித் தந்தார். நல்லவேளை, மாமாவுக்கு எதுவும் தெரியாது, தெரிந்திருந்தால் வாங்கித் தருவாரா என்று நினைத்தபடியே அதைத் தின்று தீர்த்தேன்.