கத்தி படாத சாப்பாடு

ஜப்பான் ரெஸ்டாரண்டில் கிச்சன் சூப்பர்வைசராக இருந்தேன் என்றால் எல்லாரும் பச்சை மீனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆறு வருஷம் வேலை பார்த்தேன், கத்தியைப் பற்றி ஒருவர் கேட்டதில்லை. ஹோட்டல் லைனுக்கு வரும் பிள்ளைகளுக்காக அந்த ஆயுத பூஜை நாளைச் சொல்கிறேன். அன்றைக்குத் தப்பு செய்தது நான்தான், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1. கிழித்த காலண்டர் தாள்

எங்கள் ஹோட்டல் தடாவில், ஹைவே ஓரம். பக்கத்துத் தொழிற்பேட்டையின் ஜப்பான் கம்பெனிக்காரர்களை நம்பித்தான் மேல்மாடியில் அந்த ரெஸ்டாரண்ட் நடந்தது. மரக் கவுண்டர், எட்டு நாற்காலி. மெனு கார்டு கிடையாது. செஃப் எதைக் கொடுக்கிறாரோ அதைச் சாப்பிட வேண்டும். செஃப் பெயர் தனாபே, மரியாதைக்கு 'சான்' சேர்த்து தனாபே-சான் என்போம், வயது அறுபது. தினமும் காலையில் அரை மணி நேரம் தன் கத்தியைக் கல்லில் தீட்டுவார். அதை வேறு யாரும் தொடக்கூடாது.

அன்று சனிக்கிழமை. ராத்திரிக்கு புக்கிங் இல்லை. சாயங்காலம் நாலரைக்கு நல்ல நேரம், அப்போது பூஜை போட்டால் போதும். ஆனால் பிச்சாட்டூருக்கு எனக்கு மூன்று மணிக்கு பஸ். மூன்று வாரமாக வீட்டுக்குப் போகவில்லை. காலையில் வந்ததும் முதல் வேலையாகக் காலண்டர் தாளைக் கிழித்துப் பர்சில் மடித்து வைத்துக்கொண்டேன். ஒன்றே முக்காலுக்குத்தான் நல்ல நேரம் என்று எல்லாரிடமும் அடித்துச் சொன்னேன். அது சரியான எமகண்டம்.

செஃப்பிடம் போய்ப் பூஜைக்குக் கத்தி கேட்டபோது அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. கத்தியை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து பூஜை மேடையில் வைத்துக் கும்பிட்டார். அவரவர் கத்தி, கத்திரிக்கோல், அருவாமனை, பீலர் எல்லாம் வந்து சேர்ந்தன. சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினேன். மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும்.

இரண்டரை மணிக்கு நான் தலை வாரிக்கொண்டிருக்கும்போது மேனேஜர் ரமேஷ் ஓடி வந்தார். சித்தூர்க்காரர், நல்ல பிள்ளை, பதற்றப் பேர்வழி. கம்பெனித் தலைவர் ஜப்பானிலிருந்து ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டாராம், ஆறரைக்குச் சாப்பிட வருகிறாராம். அவர் சாப்பிட்டுப் பார்த்துச் சரி என்றால்தான் அந்தக் கம்பெனி எங்களோடு போட்ட கான்ட்ராக்ட் நீளும். இல்லையென்றால் மேல்மாடி பிரியாணி ஹால் ஆகிவிடும், செஃப் ஊருக்குப் போக வேண்டியதுதான். எங்கள் பன்னிரண்டு பேருக்கும் வேலை இல்லை.

2. ஊரில் ஒரு கத்தி இல்லை

மேனேஜர் பூஜை மேடைவரைக்கும் போனார். இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டில் விட்டபடி கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்தார்.

"அக்கா, வேனுக்கும் பூஜை போட்டோம், டிரைவர் ஓட்டிக்கினுதானே இருக்கான்? கத்திக்கு மட்டும் இன்னா தனி ரூலு?"

"வேன் எலுமிச்சம்பழத்து மேல ஏறி எறங்கிச்சு சார். கத்தி எது மேல ஏறி எறங்கும்?"

என்னிடம் நியாயம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

டிரைவரை மார்க்கெட்டுக்கு அனுப்பினோம். பாத்திரக் கடைக்காரர் கடையிலிருந்த மொத்தக் கத்தி டப்பாவுக்கும் ஒவ்வொரு பொட்டு வைத்து ஷட்டரை இறக்கிவிட்டார். சலூன்காரர் கத்தியும் பூஜையில். நான் முன்பு வேலை பார்த்த கேண்டீனுக்குப் போன் போட்டேன், அங்கே முட்டை அடிக்கும் கரண்டிக்குக்கூடப் பொட்டு வைத்துவிட்டார்களாம். செஃப் தையல் நூலை எடுத்து டூனா மீனை அறுத்துப் பார்த்தார். மீன் நாராகக் கிழிந்து வந்தது. அந்த நாரைப் பொறுக்கித் தட்டில் ஒதுக்கினார். என் ஒரு பஸ்ஸுக்காக இவ்வளவு பேர் வேலை போகப்போகிறதே என்று அழுகை வந்துவிட்டது.

பர்சைத் திறந்து காலண்டர் தாளை எடுத்து எல்லார் முன்னாலும் மேடையில் வைத்தேன்.

"அந்தப் பூஜை செல்லாது சார். எமகண்டத்துல பண்ணிட்டேன். ஊட்டுக்குப் போவணும்னு பொய் சொன்னேன். கத்திய எடுத்துக்குங்க."

உடனே வாக்குவாதம் ஆரம்பித்தது. எமகண்டத்தில் போட்ட பூஜை பூஜையா இல்லையா என்று பாத்திரம் கழுவுபவர் முதல் பில் போடுபவர் வரை ஆளுக்கொரு சட்டம் பேசினார்கள். கடைசியில் மேனேஜர் என்னிடம் நம்பர் வாங்கி எங்கள் பிச்சாட்டூர்க் கோயில் குருக்களுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "கற்பூரம் காட்டியாச்சுன்னா காட்டியாச்சுதான். சாமி என்ன வாட்ச்சா கட்டிண்டிருக்கார்?" என்று சொல்லிவிட்டு குருக்கள் வைத்துவிட்டார்.

ஆக, என் மானமும் போயிற்று, கத்தியும் வரவில்லை. நான் சொன்னதையெல்லாம் மேனேஜர் செஃப்புக்கு இங்கிலீஷில் சொன்னார். செஃப் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

3. கட்டைவிரல்

மணி நாலு. டிரைவர் வெறுங்கையோடு வராமல் ஒரு கூடை நெத்திலி வாங்கி வந்திருந்தான். புரட்டாசி சனிக்கிழமையில் மீன் வாங்க ஆள் ஏது? மீன்காரம்மா கூடையோடு தள்ளிவிட்டிருக்கிறார். புரட்டாசியில் மீனைத் தொடலாம், துன்னக்கூடாது என்பது எங்கள் கிச்சன் வழக்கம். நான் உட்கார்ந்து எங்கள் வீட்டில் செய்வதுபோல் தலையைக் கிள்ளி, கட்டைவிரலை வயிற்றில் ஓட்டி முள்ளை உருவிப் போட்டேன். செஃப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதே கட்டைவிரல், அதே ஓட்டம், என்னைவிட வேகம். அவர் ஊரிலும் சின்ன மீனுக்குக் கத்தி எடுக்க மாட்டார்களாம்.

அங்கிருந்து வேலை ஓடியது. எதையும் வெட்டக்கூடாது என்பதுதான் அன்றைய மெனு. வெண்டைக்காயின் காம்பை மட்டும் ஒடித்து முழுசாக மாவில் தோய்த்துப் பொரித்தோம். முட்டையைக் கப்பில் ஊற்றி ஆவியில் வேகவைத்தோம். டோஃபுவைக் கையால் பிட்டு சூப்பில் போட்டோம். இறால் குடலைப் பல் குத்தும் குச்சியால் எடுத்தோம். வழக்கமாக இறாலின் அடிப்பக்கம் கத்தியால் கீறிவிடுவோம், அப்போதுதான் எண்ணெயில் நேராக நிற்கும். அன்று எல்லா இறாலும் சுருண்டுகொண்டன. பிள்ளை பரீட்சையில் ஃபெயிலான மாதிரி செஃப் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆறரைக்குத் தலைவர் வந்தார். கோட்டு, டை, நெற்றியில் பெரிய சந்தனக் குங்குமப் பொட்டு. ஃபேக்டரியில் மெஷினுக்கு வைத்த கையோடு அவருக்கும் வைத்துவிட்டார்கள். "அப்படீன்னா இவரையும் நாளைக்குக் காலைலதான் எடுக்கணும்," என்று மேனேஜர் காதில் சொன்னேன். அந்த நிலைமையிலும் அவர் சிரித்துவிட்டார்.

தலைவர் ஒவ்வொன்றாகச் சாப்பிட்டார். நெத்திலி இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். சுருண்ட இறாலைச் சாப்பிடும் குச்சியில் தூக்கிப் பிடித்து, இன்றைக்கு எதையும் ஏன் வெட்டவில்லை என்று கேட்டாராம். செஃப் கையைத் துடைத்துக்கொண்டு தலை குனிந்து நீளமாக என்னமோ சொன்னார். தலைவர் குச்சியைக் கீழே வைத்தார்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அவர் சொன்னதைச் செஃப் பிறகு எங்களுக்குச் சொன்னார். இவ்வளவு தூரம் பிளைட் ஏறி ஒரு மெஷினைப் பார்க்க வந்தாராம். காலையிலிருந்து மெஷினைத் தொடவிடவில்லை, கம்ப்யூட்டரைத் தொடவிடவில்லை, சட்டைப்பையிலிருந்த பேனாவைக்கூடப் பிடுங்கிச் சாமியிடம் வைத்துவிட்டார்களாம். அன்று முழுக்க அவரைத் தொடவிட்டது இந்த வெண்டைக்காயைத்தானாம். நாளைக்கு வெட்டின மீன் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார். கான்ட்ராக்ட் நீண்டது.

அவர் போன பிறகு நான் செஃப்பிடம் மன்னிப்புக் கேட்டேன். கவிழ்த்துப் போட்ட காய்கறி க்ரேட்டில் உட்கார்ந்திருந்தவர் கையை ஆட்டி நிறுத்தச் சொன்னார். எங்களிடம் கற்ற தமிழில்தான் பேசினார்.

"கஸ்தூரி-சான், உனக்கு பஸ். எனக்குத் தூக்கம். கத்தி லீவ் போனா, நான் லீவ். அதான் ஒடனே குட்தேன்."

நான் பக்தி என்று நினைத்தேன். மனிதர் தூங்கப் போக வழி பார்த்திருக்கிறார். வந்து மூன்று வருஷம், ஒரு நாள்கூட லீவ் கேட்டதில்லை. கேட்டால் மரியாதையாக இருக்காது என்று அவர் நினைத்தார். கேட்டால் கொடுக்க மாட்டார்கள் என்று நான் நினைத்தேன்.

அடுத்த வருஷம் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக மேனேஜர் ரூமுக்குப் போய், ஆயுத பூஜைக்கு லீவ் வேண்டும் என்று கேட்டோம். "சரி, எடுத்துக்குங்க. இத்தினி நாளா யாரும் கேக்கலியே," என்றார்.

பிள்ளைகளே, லீவ் வேண்டுமென்றால் வாயைத் திறந்து லீவ் என்று கேளுங்கள்.