ஜீப்பில் நகர்ந்த சிப்பாய்

என் அக்கா சதுரங்கத்தில் பெரிய பட்டம் வாங்கியவள். ஆனால் போடிக்கு வந்தால் மாமா மகள்கள் மூன்று பேரின் பெயரையும் மாற்றி மாற்றித்தான் கூப்பிடுவாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோடோ ஆடிய ஆட்டத்தைக் கேட்டால் மட்டும் முதல் நகர்த்தலில் இருந்து கடைசி வரை ஒப்பிப்பாள்.

போன மாசம் நாங்கள் இரண்டு பேரும் குரங்கணிக்கு ஜீப்பில் போனோம். அவள் முன் சீட்டில். நான் பின்னால் அரிசி மூட்டைகளுக்கு நடுவில், மடியில் சதுரங்கப் போர்டோடு. அவள் திரும்பிப் பார்க்காமலே என்னோடு ஆட வேண்டும்; அவள் சொல்கிற காயையும் நானே நகர்த்த வேண்டும். அதுதான் ஏற்பாடு.

ஒரு வளைவில் ஜீப்பு பள்ளத்தில் இறங்கி ஏறியது. போர்டு சரிந்து நாலைந்து காய்கள் மூட்டைச் சந்தில் விழுந்தன. பொறுக்கி வைக்கும்போது, யார் பார்க்கப் போகிறார்கள் என்று என் சிப்பாய் ஒன்றை ஒரு கட்டம் முன்னால் வைத்துவிட்டேன்.

“அக்கா, உன் குதிரையை என் சிப்பாய் வெட்டுது.”

அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை. “எப்படிடா வெட்டும்? அது ஒரு கட்டம் பின்னாலதானே நிக்குது? பள்ளத்துல ஏறி வந்துருச்சோ?”

டிரைவர் சிரித்த சிரிப்பில் எனக்குக் காது சூடாகிவிட்டது. அடுத்த எட்டு நகர்த்தலில் தோற்றேன்.

குரங்கணி டீக்கடையில் பழி தீர்க்க நினைத்தேன். கடைக்கார அக்காவிடம் காய்களைக் கொடுத்து, “இஷ்டத்துக்குப் போர்டுல பரப்புங்கக்கா” என்றேன். என் அக்காவுக்கு அதை ஐந்து எண்ணும்வரை காட்டி மூடினேன். எது எங்கே என்று கேட்டால், ஆறு காய்தான் சரியாகச் சொன்னாள். நான் பெஞ்சைத் தட்டிக் கத்தினேன்.

“ரெண்டு ராஜாவும் ஒட்டி நிக்கிது, இது ஒரு ஆட்டமாடா? யாரும் ஆடி இப்படி வரவே வராது. காரணமில்லாம நிக்கிற காயை எதைப் பிடிச்சு ஞாபகம் வைக்க?” என்றாள், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

ஜெயித்த மிதப்பு எனக்கு. “அப்ப ஆடின ஆட்டமாவே கேக்குறேன். சின்ன வயசுல நான் உன்னைத் தோக்கடிச்சேனே, அது ஞாபகம் இருக்கா?” அவளை ஒரே ஒரு தடவைதான் ஜெயித்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் நான் யாரோடும் பழக ஆரம்பித்ததில்லை.

டீயை ஆற்றிக்கொண்டே அந்த ஆட்டத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். பதினேழாவது நகர்த்தலில் நிறுத்தினாள்.

“இங்கதான் ராணியைக் கொண்டுபோய் உன் யானைக்கு முன்னால வச்சேன்.”

“கவனிக்காமயா?”

“உனக்கு அம்மை போட்டிருந்துச்சு. வேப்பிலைக்கு நடுவுல படுத்துக்கிட்டு ஒரே அழுகை. பாவமா இருந்துச்சு, விட்டேன்.”

என் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தேன். “ஏன் இத்தனை வருஷமா சொல்லலை?” என்றேன்.

“நீ கேக்கலையேடா.”

கேட்டிருக்கவே கூடாது.