அலங்கார வளைவில் ஒரு பெயர்

எங்கள் அண்ணி கோபம் வந்தால் கத்த மாட்டாள். வீட்டில் இருக்கிற கண்ணாடிகளைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். ஜன்னல், பீரோ, அண்ணனுடைய மூக்குக்கண்ணாடி, அதுவும் அவன் மூக்கில் இருக்கும்போதே. போன மழைக்காலத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தக் கண்ணாடியிலும் ஒரு தூசி கிடையாது. எல்லாம் ஒரே ஆளின் புண்ணியம்.

அந்த ஆளைச் சங்கத்தில் தலைவர் என்பார்கள். வீட்டில் நானும் அண்ணியும் வைத்த பெயர் போட்டோ.

கடல் தாண்டி ஒரு மலை நாடு. பஸ் போகாத கிராமங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் எப்போதாவது வருவார், மற்ற நாளெல்லாம் ஒரு நர்சம்மாதான் எல்லாம். அவருக்கு வேண்டியதைத் திரட்டி அனுப்புவதுதான் எங்கள் சங்கத்தின் வேலை. பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல் மாடியில் ஒரு நீள அறை. சனிக்கிழமை தோறும் கூடி, கையுறையும் பஞ்சும் கட்டுத்துணியும் அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, டேப் ஒட்டி, எடை போட்டு வைப்போம். யாருக்கும் சம்பளம் கிடையாது. முதுகுவலி மட்டும் இலவசம். எல்லாம் முடிந்த பிறகு போட்டோ வருவார். ஒரு பெட்டியைத் தூக்கியபடி நிற்பார். படம் எடுத்ததும் இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார். அதையும் காலிப் பெட்டியாகப் பார்த்துத்தான் தூக்குவார்.

அண்ணிக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. மயிரிழை பிசகினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வரும் என்று திரும்பத் திரும்பச் சரிபார்ப்பாள். சங்கத்தில் அவளுடைய வேலை வேறு. அவளுடைய அப்பா அந்த மலை நாட்டில் லாரி ஓட்டியவர். அண்ணி பிறந்ததும் பாவாடை வயது தாண்டும்வரை வளர்ந்ததும் அங்கேதான். நர்சம்மாவின் பாஷை எங்களில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். வாராவாரம் போனில் பேசி, என்ன தேவை என்று கேட்டு வந்து கமிட்டியில் சொல்வாள்.

ஒரு வாரம் நர்சம்மா சொன்னது இது: ஆக்சிஜன் மெஷின் செத்துவிட்டது, அங்கே பழுது பார்க்க ஆள் இல்லை, உடனே வேறு அனுப்புங்கள். அண்ணி அதை அப்படியே கமிட்டியில் வைத்தாள். "அடுத்த வருஷம் பாக்கலாம்மா," என்றார் போட்டோ. அந்த வருஷம் அவர் ஆஸ்பத்திரி வாசலில் அலங்கார வளைவு கட்டிக்கொண்டிருந்தார். சிமெண்டில் பெரிய வளைவு, உச்சியில் அவருடைய பெயர், அதுவும் நம் எழுத்தில். அதைப் படிக்க அந்த ஊரில் ஒரு ஜீவன் கிடையாது.

வளைவில் பெயிண்ட் காய்வதற்குள், அந்த மழைக்காலத்திலேயே, அங்கே ஒரு குழந்தை பிறந்து, மூச்சுத் திணறிச் செத்துப்போனது.

சேதி இங்கே பரவியதும் நன்கொடை கொடுத்தவர்கள் கேள்வி கேட்டார்கள். போட்டோ அசரவே இல்லை. "மொழிபெயர்ப்புல நடந்த தப்புங்க. மெஷின் போச்சுன்னு நர்சம்மா சொல்லியிருக்காங்க. இவங்க அதைச் சின்ன ரிப்பேர்னு எங்ககிட்ட சொல்லிட்டாங்க. பாவம், வேணும்னு செய்யல," என்றார். அந்தப் 'பாவம்' என்ற சொல்தான் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. கமிட்டியில் அன்று இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகமறதி வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அண்ணி ஒட்டிய பெட்டிகளை யாராவது பிரித்து இன்னொரு தடவை சரிபார்த்தார்கள். கண்ணாடிக் கடைக்கு வந்த சங்கத்துப் பெரியவர் ஒருவர், "பவரையாவது சரியா போடும்மா," என்று சிரித்தார். அன்று வீட்டுக்கு வந்தவள், "குழந்தையைக் கொன்னவளா என்னைப் பாக்கறாங்க," என்றாள். அழவில்லை. பீரோக் கண்ணாடியைத் துடைத்தாள். புது மெஷின் மட்டும் இன்னும் போகவில்லை. வளைவுக்கு விளக்குப் போடுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆண்டு விழா வந்தது. நர்சம்மாவைத் திரையில் நேரலையாகப் பேச வைக்கப் போட்டோவுக்கு ஆசை. பாஷை தெரிந்த வேறு ஆள் கிடைக்காமல், வெட்கமில்லாமல் அண்ணியிடமே வந்தார். "அவங்க நன்றி சொல்வாங்க. நீங்க அழகா நாலு வார்த்தையில சொல்லிடுங்க."

"சரிங்க சார்," என்றாள் அண்ணி.

வீட்டுக்கு வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "சூடு சொரணை இல்லையா அண்ணி உங்களுக்கு?"

"அந்தாளுக்கு ரோஷம் வந்தா வாய் நிக்காது. அவன் மேடையில, அவன் வாயாலயே சொல்ல வைக்கிறேன் பாரு. நீ லேப்டாப்பை மட்டும் யார்கிட்டயும் குடுத்துடாதே." லேப்டாப் எப்போதும் என் பொறுப்பு. நான் கட்டிக்கொண்டு படுக்காத குறைதான்.

விழா மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் நன்கொடையாளர்கள். திரையில் நர்சம்மா, அவருக்குப் பக்கத்தில் வாயே திறக்காத ஓர் இளம்பெண். நர்சம்மா பேசப் பேச அண்ணி மைக்கில் சொன்னாள். "கையுறை வந்துச்சு, பஞ்சு வந்துச்சு, ரொம்ப சந்தோஷம்ங்கறாங்க." கைதட்டல். போட்டோ எழுந்து கும்பிட்டார். "ஆக்சிஜன் மெஷின் இன்னும் வரலைங்கறாங்க. மறுபடியும் மழை ஆரம்பிச்சிடுச்சாம். வளைவை வெச்சுக்கிட்டு ஒரு குழந்தையும் மூச்சு விட முடியாதுங்கறாங்க."

கும்பிட்ட கை அப்படியே நின்றது. போட்டோ பல்லைக் காட்டிக்கொண்டே அண்ணியின் காதருகே குனிந்து, "நன்றின்னு மட்டும் சொல்லும்மா," என்றார்.

அண்ணி திரையைப் பார்த்து அந்தப் பாஷையில் ஏதோ சொன்னாள். பிறகு மண்டபத்தைப் பார்த்தாள். "தலைவர் நன்றின்னு மட்டும் சொல்லச் சொல்றார். அதையும் அவங்களுக்குச் சொல்லிட்டேன். நான் மாத்திச் சொல்றேன்னு ஒரு பேர் இருக்கு. அதனால இன்னைக்கு இங்க யார் எதைப் பேசினாலும் ஒண்ணு விடாம ரெண்டு பக்கமும் சொல்லிடுவேன்." பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது.

போட்டோ என்னைப் பார்த்து இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி ஆட்டினார். ஒன்றும் புரியாதவள்போல் தலையாட்டிவிட்டு ஒலியைக் கூட்டி வைத்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்போதுதான் அவருக்குப் பொறுமை போனது. "மெஷினை அடுத்த வருஷம் பாக்கலாம்னு அன்னைக்கே உன்கிட்ட சொன்னேன்ல? மறுபடி எதுக்கு அதை இழுக்கறே?" என்று சீறினார். மைக் அண்ணியின் கையில்தான் இருந்தது. ஆனால் அதன் முகம் அவர் பக்கம் திரும்பியிருந்தது.

மண்டபம் முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். "அப்போ மெஷின் போச்சுன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியும்?"

மெஷின் அந்த வாரமே விமானம் ஏறியது, போட்டோவின் பதவியும் போனது. அதெல்லாம் பிறகு நடந்தது. அந்த நிமிஷம் அண்ணி யாரையும் பார்க்கவில்லை. போட்டோ சொன்னதைத் திரைக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள், வார்த்தை வார்த்தையாக. நர்சம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் இருந்த இளம்பெண் கேமராவுக்கு அருகில் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

அண்ணி போட்டோவின் பக்கம் திரும்பினாள். "இவங்க அந்தக் குழந்தையோட அம்மா. தினமும் அந்த வளைவுக்குக் கீழதான் போறாங்களாம். அதுல எழுதியிருக்கறது படிக்கத் தெரியலையாம். தலைவரே, உங்க பேர் என்னன்னு கேக்கறாங்க."

"வேண்டாம்மா," என்றார் போட்டோ. தன் பெயரை மைக்கில் சொல்ல வேண்டாம் என்று அந்த மனிதர் கேட்டது அதுதான் முதல் தடவை.

அண்ணி சொன்னாள். இனிஷியலோடு, முழுப் பெயரையும், நிறுத்தி நிறுத்தி. அந்தப் பெண் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். நாக்கு புரளவில்லை. அண்ணி திருத்தினாள். மறுபடியும் சொன்னாள், மறுபடியும் பிசகியது, அண்ணி மறுபடியும் திருத்தினாள். அடுத்த முறை சரியாக வந்தது.