கோல்டு மெம்பரின் துணிமூட்டை

எங்கள் கம்பெனியில் வெளியூர் போகிறவர்களுக்கு டிக்கெட்டும் ரூமும் போட்டுக் கொடுப்பது என் வேலை. யார் எந்த ஊரில் எந்தக் கட்டிலில் படுத்திருக்கிறார்கள் என்பது அவரவர் வீட்டுக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். என்னிடம் அதிகமாக ரூம் வாங்கியவள் மெஷினக்கா.

ரத்தப் பரிசோதனை மெஷின்களை ஆஸ்பத்திரிகளுக்கு விற்கிறது எங்கள் கம்பெனி. விற்றவர்கள் கைகுலுக்கிவிட்டு வந்துவிடுவார்கள். அதை ஓட்டக் கற்றுக்கொடுக்க மெஷினக்கா போக வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை, குளிரூட்டிய லேபில், விடாமல் உறுமும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரே விஷயத்தை ஒவ்வொருவருக்கும் முதல்முறை சொல்வதுபோலச் சொல்வாள். குரல் உயராது. வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவள் என்று அவளைப் பற்றி எங்கள் ஆபீசில் சொல்வார்கள். அந்த நினைப்பில்தான் எல்லோரும் அவள் வாயில் விரலை வைத்துக்கொண்டே இருந்தார்கள்.

பல ஊர்களில் கிளை உள்ள ஒரு பெரிய ஹோட்டலோடு எங்கள் கம்பெனிக்கு ஒப்பந்தம். எந்த ஊருக்குப் போனாலும் அங்கேதான் தங்க வேண்டும். தங்கத் தங்க பாயிண்ட் சேரும், பாயிண்ட் சேரச் சேர மதிப்பு ஏறும். முதலில் சில்வர், அப்புறம் கோல்டு, அதற்கும் மேலே டைமண்ட். மெஷினக்காவுக்கு கோல்டு வந்த அன்று ஆபீசில் எல்லோரும் கைதட்டினோம். ஹோட்டல்காரன் அனுப்பிய வாழ்த்தில், கோல்டு மெம்பர்களுக்கு இன்னும் நல்ல ரூம் தரப்படும் என்று பெரிய எழுத்திலும், காலியாக இருந்தால் என்று பொடி எழுத்திலும் போட்டிருந்தது.

அந்தப் பொடி எழுத்துதான் அவளை ஆண்டது. போகிற ஊரிலெல்லாம் கவுன்டரில் இருக்கிற பையன் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான். "வெல்கம் பேக் மேடம், நீங்க எங்க கோல்டு மெம்பர்!" என்பான். "இன்னிக்கு மட்டும் ஃபுல்லா இருக்கு மேடம்" என்பான். பிறகு லிப்டை ஒட்டிய ரூமின் சாவி அட்டையைக் கொடுப்பான். ஜன்னல் திரையை விலக்கினால் எதிரே சுவர் இருக்கும். ஒரு ஊரில் கட்டிலுக்கு மேலேயே ஏசி சொட்டியது. தலையணையைக் கால்மாட்டில் போட்டுக்கொண்டு தூங்கினாள். இன்னொரு ஊரில், முன்னால் இருந்தவன் ஊதித்தள்ளிய சிகரெட் நாற்றம் அவள் புடவையோடு வீடுவரை வந்தது.

அவள் ஆடம்பரம் கேட்கவில்லை. அவளுக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. பகலெல்லாம் மெஷின் சத்தம் கேட்ட காதுக்குக் கொஞ்சம் அமைதி வேண்டும், திறக்கிற மாதிரி ஒரு ஜன்னல் வேண்டும். அவ்வளவுதான். வீட்டிலோ, "உனக்கென்ன, ஏசி ரூம், விரிச்ச படுக்கை, எடுத்துவைக்க ஆளு" என்பார்கள். அதற்கும் சிரித்துவிட்டுத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள்.

போன வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரப் பயிற்சி. போய்ச் சேர்ந்த அன்றே போன் செய்தாள்.

"ஏய், ஏழாவது மாடிடி! மூலை ரூம். ஜன்னலைத் திறந்தா மரம் தெரியுது. சத்தமே இல்ல, காது அடைச்ச மாதிரி இருக்கு."

இத்தனை வருடத்தில் ஒரு ரூமைப் பற்றி அவள் சந்தோஷமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மூன்று வாரம் என்பதால் பெட்டியில் இருந்ததையெல்லாம் எடுத்து அலமாரியில் அடுக்கினாள். மேஜையில் புத்தகங்கள், கட்டிலோரம் மாத்திரை. கையால் துவைத்த துணியை பாத்ரூமில் காயப்போட்டாள்.

நான்கைந்து நாள் போயிருக்கும். அன்று சாயங்காலம் தலைவலி ஆரம்பித்துவிட்டது. மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கலாம் என்று வந்தவள் கதவில் அட்டையைக் காட்டினாள். சிவப்பு விளக்கு. மறுபடி காட்டினாள். மறுபடியும் சிவப்பு. தலையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மேடம், உங்களை ரெண்டாவது மாடிக்கு ஷிப்ட் பண்ணியிருக்கோம். உங்க பொருளெல்லாம் பத்திரமா அங்க வச்சாச்சு."

"ஷிப்ட் பண்ணியிருக்கீங்களா? யாரைக் கேட்டு?"

"ஒரு டைமண்ட் மெம்பர் வந்துட்டாங்க மேடம். அவங்களுக்கு எப்பவும் அந்த மூலை ரூம்தான். சாரி மேடம்."

அப்போதுகூட மெஷினக்கா கத்தவில்லை. புது அட்டையை வாங்கிக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போனாள். ரூம் ஜெனரேட்டருக்கு நேர் மேலே இருந்தது, தரையே அதிர்ந்தது. கட்டிலின்மேல் குப்பைக்கூடைக்குப் போடுகிற கறுப்பு பிளாஸ்டிக் பைகள் மூன்று. அவற்றில் அவள் வாழ்க்கை. ஒரு பையில் செருப்பும் புத்தகமும் ஒன்றாகக் கிடந்தன. இன்னொன்றைப் பிரித்தாள். மேலாக, யாரோ அழகாக மடித்து அடுக்கியிருந்த அவளுடைய உள்ளாடைகள். மாத்திரை எந்தப் பையிலும் இல்லை.

"அந்த மடிப்பைப் பாத்ததும்தான்டி எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிச்சு" என்று பிறகு என்னிடம் சொன்னாள். "அப்படியே சுருட்டி எறிஞ்சிருந்தாகூடப் பொறுத்திருப்பேன். எவனோ எவளோ உக்காந்து, ஒவ்வொண்ணா எடுத்து, நீவி நீவி மடிச்சிருக்காங்க."

அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள். கோட்டு போட்ட மேனேஜர் வந்துவிட்டிருந்தார். முகத்தில் வருத்தத்தை ஒட்டவைத்துக்கொண்டு, "மேடம், உங்களை மாதிரி கோல்டு மெம்பர்ஸ்தான் எங்க குடும்பம்" என்று ஆரம்பித்தார்.

"குடும்பமா? குடும்பத்துல இருக்கறவ வேலைக்குப் போயிருக்கறப்போ அவ துணியைக் குப்பைப் பையில கட்டி வச்சிருவீங்களா?"

"மெதுவா பேசலாம் மேடம். உள்ள வாங்க, உக்காந்து பேசுவோம்."

"உள்ள எதுக்கு? எனக்கு இங்கயே பேச வரும். இதை மடிச்சது யாரு?"

கையிலிருந்த பையை கவுன்டர்மேல் வைத்தாள். சாவி வாங்க நின்றவர்கள், சோபாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"ஹவுஸ்கீப்பிங் ஸ்டாப்தான் மேடம். பாலிசிப்படி ரெண்டு பேர் சேர்ந்துதான் எடுத்து வைப்பாங்க."

"ஓ! என் உள்ளாடையை ஒருத்தர் இல்ல, ரெண்டு பேர் தொட்டீங்க. அதுக்குப் பேரு பாலிசி. என் போன் நம்பர் உங்ககிட்ட இருக்கா இல்லையா? பிறந்த நாளுக்கு மெசேஜ் அனுப்பத் தெரியுது, புது வருஷத்துக்கு அனுப்பத் தெரியுது. ரூமைத் திறக்கறோம்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையா?"

மேனேஜர் பாயிண்ட் தருவதாகச் சொன்னார். பழக்கூடை அனுப்புவதாகச் சொன்னார். இரவுச் சாப்பாடு ஹோட்டல் செலவில் என்றார். ஏழாம் மாடி ரூமை மட்டும் திருப்பித் தருவதாகச் சொல்லவே இல்லை. அவர் பேசப் பேச அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க பழத்தை அந்த டைமண்டுக்கே உரிச்சு ஊட்டுங்க" என்று சொல்லிவிட்டு லிப்டில் ஏறிவிட்டாள். மேனேஜர் படியில் ஓடினார்.

மூலை ரூமின் கதவைத் தட்டினாள். தோளில் துண்டோடு ஒருவர் திறந்தார். அவள் கற்பனை செய்திருந்ததுபோலப் பெரிய மனிதர் எல்லாம் இல்லை. தண்ணீர் பம்பு விற்கிறவர். கதவோரம் பம்பு கம்பெனியின் பெயர் அச்சடித்த பை கிடந்தது. பாதி ஷேவ் செய்த கன்னத்தில் சோப்பு நுரை.

"இது என் ரூம். என் மாத்திரையும் துணியும் உள்ள இருக்கு."

"அய்யோ, நான் கேக்கலைங்க. அவங்களாதான் குடுத்தாங்க. நானும் வருஷம் பூரா ரோட்டுல கிடக்கறவன்தான்."

"பாத்ரூம்ல பொம்பளத் துணி காயுது. பாத்தீங்க இல்ல?"

அவர் துண்டால் கன்னத்து நுரையைத் துடைத்தார்.

"பாத்துட்டு, கீழ போன் போட்டுக் கேக்கலாம்னு தோணலையா? அதுக்குப் பக்கத்துலயே நின்னு நிம்மதியா ஷேவ் பண்ணிட்டிருந்தீங்களா?"

அவர் உள்ளே போய், ஈரத்துணியையும் மாத்திரை அட்டையையும் கொண்டுவந்து, பாதி திறந்த கதவு வழியாக நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தமும் கேட்டது.

லாபி சோபாவில் உட்கார்ந்து, தண்ணீர்கூட இல்லாமல் மாத்திரையை விழுங்கிவிட்டு, கணவருக்குப் போன் செய்தாள். அவர் குடிநீர் வாரிய ஆபீசில் வேலை பார்ப்பவர். சண்டை என்றால் அந்தத் தெருவுக்கே போகாத மனிதர். எல்லாவற்றையும் கேட்டார்.

"சரி விடும்மா. அதே ஹோட்டல்தானே? ரூம்தானே மாறிச்சு? ஒரு ரெண்டு வாரம் பல்லைக் கடிச்சிட்டு ஓட்டிரு."

"என் துணியைத் தொட்டிருக்காங்கங்க."

"தொட்டா என்ன, திருடலையே? நம்ம வீட்டுல அக்கா வந்தப்போ உன் ரூமைக் காலி பண்ணி, சாமானையெல்லாம் மூட்டை கட்டிப் பரண்ல போடலையா? நீ அப்பகூட ஊருலதான் இல்ல. வந்து பாத்துட்டு ஒரு வார்த்தை சொன்னியா? அப்படி நெனச்சுக்கோ."

அவர் அவளைச் சமாதானப்படுத்தத்தான் அதைச் சொன்னார். மனதில் ஒரு கள்ளம் கிடையாது. அதுதான் அவளை அறைந்தது. போனை வைத்துவிட்டாளாம்.

பிறகு எனக்குப் போன் வந்தது. அதுவரை கத்திய குரல் இல்லை. "இப்பவே எனக்கு வேற எங்கயாவது ரூம் போடு. இந்தக் கட்டடத்துல இனி ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன்."

ஒப்பந்த ஹோட்டலை விட்டு வெளியே ரூம் போட வேண்டுமென்றால் எங்கள் நிர்வாக மேனேஜர் சம்மதிக்க வேண்டும். அவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அந்த ரூம்ல கட்டில் இருக்குல்ல?" என்று கேட்டார். "இருக்கு சார்" என்றேன். "அப்புறம் என்னவாம்?" என்றார். எனக்கும் தைரியம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "அப்புறம் ஒண்ணும் இல்ல சார், நான் போட்டுட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் உண்மையிலேயே ரூம் தேடினேன்.

ஆஸ்பத்திரிக்கு எதிரில், நோயாளிகளோடு வருகிறவர்கள் தங்கும் ஒரு லாட்ஜ். படுத்தால் கட்டில் முனகும். வெந்நீரை வாளியில் கொண்டுவந்து வைப்பார்கள். பக்கத்து ரூமில் யாராவது அழுதால் கேட்கும். கோல்டு, டைமண்ட் என்று அங்கே யாருக்கும் ஒரு மண்ணும் தெரியாது. மெஷினக்கா உள்ளே தாழ்ப்பாள் போட்டு இழுத்துப் பார்த்தாள், நன்றாக விழுந்தது. மிச்ச நாளை அங்கேயே கழித்துப் பயிற்சியை முடித்தாள்.

ஊர் திரும்பியவள் பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு நேராக முன்பு தன்னுடையதாக இருந்த அந்தச் சின்ன ரூமுக்குப் போனாள். நாத்தனார் அங்கே சில மாதங்கள் இருந்துவிட்டு எப்போதோ போய்விட்டாள். அவளுடைய டிரங்குப் பெட்டிகள் மட்டும் போகவில்லை. மெஷினக்கா ஒவ்வொன்றாக இழுத்து ஹாலில் வைத்தாள். ஆபீசிலிருந்து வந்த கணவர் பதறிவிட்டார்.

"என்னம்மா இது? அக்கா பாத்தா என்ன நெனப்பா?"

"உங்க அக்கா என்ன நெனப்பாங்கன்னு இவ்வளவு கவலைப்படறீங்களே, நான் என்ன நெனப்பேன்னு ஒரு நாள் கவலைப்பட்டீங்களா?"

"நீ எப்பவும் வெளியூர்லதானே இருக்க..."

"வெளியூர்ல இருந்தா செத்தா போயிட்டேன்? திரும்பி வர்றவளுக்கு ஒரு கதவு வேண்டாமா? பரண்ல ஏறுங்க. என் மூட்டையை இறக்குங்க."

அவர் ஏறினார். ஒரு வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நாத்தனார் வண்டி வைத்துப் பெட்டிகளை எடுத்துப்போனாள். இன்றுவரை இவளோடு பேச்சு வார்த்தை இல்லை. "நாத்தனாருக்கு நான் போன் பண்ணியே சொல்லியிருக்கலாம். அந்த ஒண்ணுதான் உறுத்துது. மத்தபடி செஞ்சதையேதான் மறுபடியும் செய்வேன்" என்றாள் மெஷினக்கா.

ஹோட்டலிலிருந்து கடைசியில் ஒரு மெயில் வந்தது. நடந்ததற்கு வருந்துகிறார்களாம். ஆகவே அவளை ஒரு வருடத்துக்கு டைமண்ட் ஆக்கிவிட்டார்களாம். ஆபீசில் சிலர் இனிப்பு கேட்டார்கள். அவள் என் மேஜைக்கு வந்து, மெயிலை இரண்டாம் தடவை படித்துவிட்டுக் கொதித்தாள்.

"என்ன சொல்றாங்க தெரியுதா? இனிமே நான் வந்தா இன்னொருத்தி துணியை மூட்டை கட்டுவாங்களாம். அதுதான் எனக்குப் பரிசாம்!"

வேண்டாம் என்று என்னைப் பதில் எழுதச் சொன்னாள். எழுதினேன். ஏற்றியதை இறக்க சிஸ்டத்தில் வழியில்லை, வருடம் முடிந்தால் தானாக இறங்கிவிடும் என்று பதில் வந்தது. நிர்வாக மேனேஜரோ, "அதான் டைமண்ட் குடுத்துட்டாங்கள்ல, இனிமே ஒழுங்கா அங்கயே தங்கச் சொல்லு" என்று ஒரே பிடியாக நின்றார். லாட்ஜ் கிடைக்காத ஊர்களில் அவளுக்கும் வேறு வழியில்லை.

டைமண்டாகி அவள் போன முதல் ஊரில், கவுன்டர் பையன் எழுந்தே நின்றுவிட்டானாம். "மேடம், உங்களுக்கு எங்க பெஸ்ட் ரூம்!"

"அதுல யாராவது இருக்காங்களா?"

"இருந்தா என்ன மேடம், நாங்க அரேஞ்ச் பண்ணிக்கறோம்."

"இருந்தா வேண்டாம். காலியா இருக்கற ரூமைக் குடு. நிஜமாவே காலியான்னு மேல போய்ப் பாத்துட்டு வந்து குடு. நான் இங்கயே நிக்கறேன்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் மேலே போனான். அவன் திரும்பி வரும்வரை அவள் பெட்டியோடு கவுன்டரிலேயே நின்றாள். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். "எனக்கும்தான் கால் வலிக்குது" என்று அவர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாளாம்.