வெட்கத்தால் விடப் பார்த்த சிகிச்சை

பிள்ளைகளே, அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வந்தது உங்களுக்குத் தெரியும். வைத்தியத்தை நாங்கள் பாதியில் விடப் பார்த்தது தெரியாது.

பன்விலயிலிருந்து தினமும் பஸ்ஸில் கண்டிக்குப் போய், கரண்ட் பிடிப்பது என்று நாங்கள் சொல்லும் கதிர்வீச்சை எடுத்தாள். அது முடியும்போதே இரத்தப்போக்கு நின்றுவிட்டது. அடுத்து, பிறப்புறுப்பு வழியாகக் குழாய் வைத்து உள்ளேயும் கதிர் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து அம்மா அழுதாள். "எனக்கு வெக்கமா இருக்குங்க. அதான் நின்னுருச்சே."

பாவமாக இருந்தது. "சரி, விடு" என்றேன்.

குறித்த நாளன்று போன் வந்தது. அம்மாவோடு வைத்தியம் எடுத்த, அவள் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் அக்குறணைப் பெண்.

"எங்க புள்ள, ஒன்னக் காணல்ல?"

"வெக்கமா இருக்கு ராத்தா."

"நல்ல கத! புள்ள பெறக்கொள்ள வெக்கப்பட்டியா? எனக்கு மயக்க மருந்து தந்துதான் வெச்சாங்க. கொஞ்ச நேரத்தில எடுத்துட்டாங்க. ஒடனே வா!"

ஓடினோம். டாக்டர் திட்டவில்லை, வேறு நாள் தந்தார். "இரத்தம் நின்றாலும் உள்ளே கட்டி மிச்சம் இருக்கலாம். இதை விட்டால் திரும்ப வளரும்" என்றார். சொன்ன தடவையெல்லாம் போய் முடித்தாள். இப்போது கிளினிக்கில் காட்டிவிட்டு வருகிறாள், அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் வெட்கமென்று யார் சொன்னாலும் நான் தலையாட்டுவதில்லை, டாக்டரிடம் கேட்கிறேன்.

மகளே, இந்த நோயைத் தடுக்கும் ஊசிக்கு உன் பள்ளிக்கூடத்தில் சம்மதம் கேட்டிருந்தார்கள். நீங்களெல்லாம் வெளியே போயிருந்தபோது, தனியாக உட்கார்ந்து சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேன்.