ரங்கநாயகி மேடம் கேட்ட ஒரு வரி

செய்தி வந்தபோது நான் செமஸ்டர் தேர்வு அறையில் மேற்பார்வையில் இருந்தேன். உள்ளே செல்பேசி கூடாது என்பதால் அலுவலக உதவியாளர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்து கொடுத்தார். "ரங்கநாயகி மேடம் காலமாயிட்டாங்க. சோமனூர்ல ஊட்டுல வெச்சிருக்காங்க." படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். தேர்வு முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. கூடுதல் தாள் கேட்டவர்களுக்குக் கொடுத்தேன், கையெழுத்துப் போட்டேன். அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. செய்து தருகிறேன் என்று அவரிடம் வாக்குக் கொடுத்த ஒரு காரியத்தை நான் செய்யவே இல்லை.

துறை மலருக்கு அஞ்சலிக் கட்டுரை எழுதச் சொன்ன முதல்வர், "நல்லதா ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க சார், உங்களுக்குத்தான் அவங்களை நல்லாத் தெரியும்" என்றார். தெரியும்தான். பத்தொன்பது ஆண்டுகள் கோவையின் இந்தக் கல்லூரி இயற்பியல் துறையில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருந்தோம். ஆனால் நல்லதை மட்டும் எழுதினால் அது அவருக்குச் செய்யும் அஞ்சலி ஆகாது. அவருக்கு நான் இழைத்த தவறையும் இங்கேயே எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்தோம். அவர் சோமனூரில் விசைத்தறி வைத்திருக்கும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். வீட்டில் தெலுங்கு, வெளியே சுத்தமான கொங்குத் தமிழ். காலை ஏழரை மணிப் பேருந்தில் வந்து இறங்குவார். சேலையில் எப்போதும் ஒரு பஞ்சு இழை ஒட்டிக்கொண்டிருக்கும். எடுத்துவிடச் சொன்னால், "இருக்கட்டுங்க சார், சோறு போடறது அதுதானுங்களே" என்பார்.

சிறப்புச் சார்பியல் தாளை யாரும் விரும்பி எடுப்பதில்லை. கோட்பாட்டை எல்லோரும் கதைபோலச் சொல்லிவிடுவோம். கணக்குப் போடும்போதுதான் வண்டவாளம் தண்டவாளம் ஏறும். மேடம் அந்தத் தாளைக் கேட்டு வாங்கினார். அவர் வகுப்பில் ஒரு கட்டாயம் உண்டு. கணக்கைப் படித்ததும் எந்தச் சூத்திரத்தையும் தொடக்கூடாது. முதல் வரியைத் தமிழில் எழுத வேண்டும்: இந்த நேரத்தை அளந்தவர் யார், அவர் நிற்கிறாரா, துகளோடு போகிறாரா. அந்த வரி இல்லாவிட்டால் விடை சரியாக இருந்தாலும் அரை மதிப்பெண்தான். பிள்ளைகள் முதலில் முணுமுணுத்தார்கள். நானும் கேலி செய்திருக்கிறேன். "ஏனுங்க மேடம், இது பிசிக்ஸ் வகுப்பா, போலீஸ் விசாரணையா?" என்று கேட்டேன். "விசாரிக்காமத் தீர்ப்பு எழுதுனா தப்பாத்தானுங்க போகும்" என்றார்.

பாடப்புத்தகத்தில் வரும் விண்கலங்கள் அவருக்குப் பிடிக்காது. தானே கணக்கு உருவாக்குவார். நீலகிரி உச்சிக்கு நேராகத் தோன்றும் மியூவான் என்ற துகள், இரண்டு மைக்ரோ வினாடிதான் அதன் ஆயுள், மேட்டுப்பாளையம் பேருந்து நிலையம்வரை உயிரோடு வந்து சேருமா? சாதாரணக் கணக்கில் பாதி மலையிலேயே செத்துவிட வேண்டும். சார்பியல் கணக்கில் வந்து சேர்ந்துவிடும். "அது ஆயுசு கெட்டியாச்சுன்னு நினைச்சுப்போடாதீங்க கண்ணு. அதோட கடிகாரத்துல அதே ரெண்டுதான். நம்ம கடிகாரத்துலதான் நீளுது" என்று அவர் சொல்லும்போது, வராந்தாவில் போகும் நானும் நின்று கேட்பேன். புதிய கணக்கு ஒவ்வொன்றையும் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் எழுதி, முதலில் என் மேசையில் வைப்பார். நான் போட்டுப் பார்த்துச் சரி என்ற பிறகே வகுப்புக்குப் போகும். அந்த மரியாதைக்கு நான் தகுதியானவனாக இருக்கவில்லை.

எட்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. பல்கலைக்கழக விடைத்தாள் திருத்தும் முகாமில் எங்கள் தாளுக்கு விடைக்குறிப்புத் தயாரித்தவன் நான். அதைத் தயாரிப்பவர் பெயர் வெளியே தெரியாது. திருத்த வந்தவர்களில் மேடமும் ஒருவர். பத்து மதிப்பெண் கணக்கு ஒன்று. ஒளியின் வேகத்தில் 0.8 மடங்கு வேகத்தில் செல்லும் துகள், ஆய்வகக் கடிகாரப்படி ஐந்து மைக்ரோ வினாடி வாழ்கிறது. துகளோடு செல்லும் கடிகாரம் எவ்வளவு காட்டும்? ஆண்டுதோறும் இந்தக் கணக்கு தலைகீழாக வரும். துகளின் நேரத்தைக் கொடுத்து ஆய்வக நேரத்தைக் கேட்பார்கள், பெருக்கினால் போதும். அந்த ஆண்டு மாற்றிக் கேட்டிருந்தார்கள். நான் கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை. பழைய குறிப்பின் வழியிலேயே பெருக்கி, 8.33 என்று எழுதிவிட்டேன். சரியான விடை மூன்று.

இதில் கொடுமை என்னவென்றால், பழக்கதோஷத்தில் பெருக்கிய பிள்ளைகள் எல்லோருக்கும் முழு மதிப்பெண் கிடைத்தது. யோசித்து எழுதிய சிலருக்குத்தான் பூஜ்யம். அதனால் பெரிய கூச்சல் எதுவும் எழவில்லை.

முகாமின் இரண்டாம் நாள் காலையில், குறிப்பிலிருந்த என் கையெழுத்தை அடையாளம் கண்டு மேடம் என் மேசைக்கு வந்தார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

"சார், ஓடுற கடிகாரம் நம்மளதைவிட அதிகமாக் காட்டுமாங்க?"

குறிப்பை எடுத்துப் பார்த்ததும் தவறு புரிந்துவிட்டது. "பாதிக் கட்டு திருத்தியாச்சுங்க மேடம். இப்ப மாத்துனா எல்லாத்தையும் மறுபடி திருத்தோணும். என்னைக் கிழிச்சுப்போடுவாங்க" என்றேன்.

"பிள்ளைகளைக் கிழிக்கறதுக்கு அது தேவலைங்களே."

குறிப்பு தவறு என்று அவர் முகாம் தலைவரிடம் முறைப்படி எழுதிக் கொடுத்தார். குறிப்பைத் தயாரித்தவரிடமே விளக்கம் கேட்டார்கள். அப்போது எனக்குத் துறைத் தலைவர் பதவி வரவிருந்த நேரம். "கேள்வியை இரு விதமாகவும் பொருள் கொள்ளலாம், குறிப்பை மாற்றத் தேவையில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்தக் கேள்விக்கு ஒரே பொருள்தான் உண்டு என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும். முகாம் தாமதமானதற்கு மேடம் மீதுதான் பழி விழுந்தது. அடுத்த ஆண்டிலிருந்து அவரை முகாமுக்கு அழைக்கவில்லை.

எங்கள் மாணவி சுகன்யா, மேட்டுப்பாளையத்துப் பெண், அந்தத் தாளில் ஏழு மதிப்பெண்ணில் தோற்றாள். மறுமதிப்பீடும் அதே குறிப்பை வைத்துத்தான் நடந்தது, மாற்றமில்லை என்று வந்தது. விடைத்தாள் நகலை வாங்கிக்கொண்டு மேடத்தைத் தேடி வந்தாள். நகலில் முதல் வரி தமிழில் இருந்தது, துகளோடு போகிறவர் அளக்கும் நேரம் கேட்கப்படுகிறது என்று. கீழே மூன்று மைக்ரோ வினாடி. அதன்மேல் சிவப்பு மையில் ஒரு குறுக்குக் கோடு. மேலே படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது, அது போனது. "அரியர் விழுந்துபோச்சு, இனிப் படிச்சுக் கிழிச்சது போதும்னு அப்பா மாப்பிள்ளை பார்த்துட்டாருங்க மேடம்" என்று அவள் சொன்னபோது நான் எதிர் மேசையில் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவள் போன பிறகு மேடம் என்னிடம் சொன்னார்: "சார், குறிப்புல தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. கலியாணம் நிக்கும்." நான் எழுதவில்லை. ஆவணியில் கல்யாணம் நடந்தது. பத்திரிகை எனக்கும் வந்தது.

மேடம் என்னிடம் சண்டை போடவில்லை. "வாங்க சார், டீ குடிச்சீங்களா" என்று கேட்பதும் நிற்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு கணக்குகூட என் மேசைக்கு வரவில்லை. பென்சிலால் எழுதிக்கொண்டிருப்பார், தானே போட்டுப் பார்ப்பார், பையில் வைத்துக்கொள்வார். எட்டு ஆண்டுகள் அதை எதிரே உட்கார்ந்து பார்த்தேன். நான் துறைத் தலைவர் ஆனேன்.

இந்த ஆண்டு தைக்குப் பிறகு அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. மருத்துவமனைக்குப் போனேன். உடல் பாதியாகி இருந்தது. அவர் கணவர் மருந்து வாங்கப் போன நேரத்தில், என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"சார், அந்தப் புள்ளைக்கு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. இப்பவும் கெட்டுப்போகலீங்க."

"சரிங்க மேடம். கண்டிப்பா எழுதறேன்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். நான்கு மாதங்கள் இருந்தன. இன்று, நாளை என்று தள்ளினேன். ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள்தானே, அதன்பின் எழுதலாம் என்றும் நினைத்தேன். அவர் இருக்கமாட்டார் என்று தெரிந்தே நினைத்தேன்.

தேர்வு முடிந்து சோமனூர் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அந்தத் தெருவில் எல்லாத் தறிகளையும் நிறுத்தியிருந்தார்கள். முன்பு வந்தபோதெல்லாம் கத்திப் பேச வேண்டியிருந்த வீட்டில், அழுகிறவர்களின் மூச்சுக்கூடக் கேட்டது. கல்லூரி சார்பில் மாலை வைத்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, கால்மாட்டிலேயே நின்றேன்.

பந்தலுக்கு வெளியே ஒரு பெண் வணங்கினாள். பக்கத்தில் ஐந்து வயதுக் குழந்தை. சுகன்யா என்று புரிய நேரமாயிற்று. மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறாளாம். அந்தத் தாளை அடுத்த முறை எழுதித் தேறியும், மேலே படிக்க அனுப்பவில்லையாம். மேடம் வருடத்துக்கு இரண்டு முறையாவது அவள் வீட்டுக்குப் போயிருக்கிறார். எனக்கு அது தெரியாது.

"நான் எழுதுனதுதான் கரெக்ட்டுன்னு மேடம் அன்னிக்கே சொல்லிப்போட்டாங்க சார். தப்பா ஆன்சர் கீ போட்டது யாருன்னு அவங்க வரப்பெல்லாம் கேப்பேன். கடைசி வரைக்கும் பேரைச் சொல்லலீங்க. 'அவரு நல்லவரு கண்ணு, ஒரு நாள் அவரே வந்து சொல்லுவாரு'ம்பாங்க" என்றாள்.

நான் அவள் குழந்தையின் தலையைத் தடவினேன். "சாப்பிட்டியா அம்மணி?" என்று கேட்டேன். அதற்குள் உடலை எடுக்க ஆட்களைக் கூப்பிட்டார்கள். நானும் ஓடிப்போய் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். மேடத்தின் உடல் கனக்கவே இல்லை.

குறிப்பில் தவறு என்னுடையதுதான் என்று பல்கலைக்கழகத்துக்கு நேற்று கடிதம் அனுப்பிவிட்டேன். முதல்வர் இந்தக் கட்டுரையை அச்சிடலாம், அச்சிடாமலும் போகலாம். எப்படியானாலும் நாளைக் காலை இதன் நகலோடு மேட்டுப்பாளையம் போகிறேன்.

சுகன்யா, உன் விடை சரி. அந்தக் குறிப்பை எழுதியவனும், தவறு என்று தெரிந்தபின் சரி என்று கையெழுத்திட்டவனும் நான்தான். இதனால் உனக்கு எதுவும் திரும்பக் கிடைக்காது என்று தெரியும்.

மேடம், போய் வாருங்கள். என்னை நல்லவர் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறீர்கள். எத்தனை கணக்குப் போட்டீர்கள், அதில் ஒன்றும் தப்பியதில்லை. இது ஒன்றுதான் தப்பிவிட்டது.